லோடு வண்டிக்கு டர்போ: பொருத்தலாமா, வேண்டாமா?

சரக்கைக் கொள்முதல் செய்வது பாதி வியாபாரம். அதைச் சேதமில்லாமல், நேரத்தோடு, குறைந்த செலவில் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மீதி வியாபாரம். முதல் பாதியில் கால் பைசாவுக்கும் பேரம் பேசுகிற நம் வணிகர்களில் பலர், இரண்டாம் பாதியை டிரைவரிடமும் மெக்கானிக்கிடமும் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். லோடு வண்டி விஷயத்தில் வருகிற நஷ்டத்தில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதுரை – கொல்லம் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்குச் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது நமது கிருஷ்ணன்கோவில். விருதுநகரிலிருந்து பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் வருகிறது. மதுரைக் கீழமாசி வீதியிலிருந்து பலசரக்கு வருகிறது. வத்திராயிருப்புப் பக்கத்துத் தேங்காய் வெளியூர் போகிறது. தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்கும் லோடு போகிறது. இத்தனைக்கும் நம்பியிருப்பது குட்டியானை என்று செல்லமாக அழைக்கப்படும் சிறு வண்டிகளையும், அவற்றைவிடச் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளையும்தான்.

இவற்றில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி ஓர் ஆசை காட்டப்படுகிறது. “அண்ணாச்சி, ஒரு டர்போ கிட் வாங்கிப் போட்டுவிட்டால் போதும். வண்டி ஏற்றத்தில் திணறாது, மைலேஜும் கூடும். வாசலில் வைத்தே இரண்டு நாளில் மாட்டிவிடலாம்” என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கல்லாவிலிருந்து பணம் போகும் முன்பு, அந்த டர்போ என்ன செய்கிறது, என்ன கேட்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

டர்போ என்பது என்ன?

டீசல் எஞ்சினுக்கு இரண்டு தீனி வேண்டும். ஒன்று டீசல், மற்றொன்று காற்று. டீசலுக்குக் காசு கொடுக்கிறோம். அதனால் அதன் கணக்கு தெரிகிறது. காற்று இலவசம், அதனால் அதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தபட்சம் 12 கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெயிலில் 12 கிலோ காற்று என்பது பத்தாயிரம் லிட்டருக்கும் மேல். நடைமுறையில் கரும்புகை வராமல் எரிவதற்கு இதைவிடவும் கூடுதலாகவே தேவை.

டர்போ இல்லாத எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவுதான் டீசலும் எரியும். அதற்கு மேல் டீசலை ஊற்றினால் பலம் வராது, கரும்புகைதான் வரும்.

டர்போ சார்ஜர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. எஞ்சினிலிருந்து சைலன்சர் வழியாக வெளியேறும் சூடான புகையில் வேகம் இருக்கிறது. அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகிற புகையைக் கொண்டு காற்றைத் திணிக்கும் ஏற்பாடு இது. இந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. நம் லோடு வண்டியின் எஞ்சினோ நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்றுகளுக்குள் ஓடுகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நூறாண்டுக்கு மேலான கதை

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பூக்கி என்ற பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் அவருடைய முறையில் கப்பல் டீசல் எஞ்சின் ஒன்றின் சக்தி 1750 குதிரைத் திறனிலிருந்து 2500 ஆக உயர்ந்தது.

அமெரிக்காவில் 1918-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் சான்போர்டு மாஸ் ஒரு சோதனை செய்தார். 350 குதிரைத் திறன் கொண்ட விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். மேலே காற்று மெலிந்திருப்பதால் அந்த எஞ்சின் அங்கே 230 குதிரைத் திறன்தான் கொடுத்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 கொடுத்தது. இழந்த பலம் அப்படியே திரும்பி வந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் வேரூன்றியிருக்கிறது. 1982-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் பையனூரில் டர்போ சார்ஜர்களைத் தயாரித்து வண்டிக் கம்பெனிகளுக்குக் கொடுத்து வருகிறது. ஓசூரில் தயாராகி 2011-ல் விற்பனைக்கு வந்த அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வண்டியில் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வந்தது. அதற்கு முன்பு 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, 702 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. அதில் டர்போ கிடையாது. சக்தி 16 குதிரைத் திறன். அந்தப் பதினாறு குதிரையை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான சிறு வணிகர்கள் முன்னுக்கு வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே டர்போ நல்ல பொருளா, கெட்ட பொருளா என்பது கேள்வியே அல்ல. அது மிக நல்ல பொருள். கம்பெனி அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினில் இருப்பது வேறு, டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினுக்கு நாம் வெளியிலிருந்து மாட்டுவது வேறு. இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

கிட்டில் என்ன இருக்கும்? எப்படி மாட்டுவார்கள்?

கிட் என்று வாங்கினால் அதில் டர்போ மட்டும் இருந்தால் போதாது. புகை வெளியேறும் வழியில் டர்போவை உட்கார வைக்க மேனிபோல்டு அல்லது அதற்கான இணைப்பு வேண்டும். டர்போவின் அச்சுக்கு ஆயில் கொண்டுபோக ஒரு குழாய், ஆயில் திரும்பி வர ஒரு குழாய், காற்றுப் போகும் ரப்பர் குழாய்கள், கிளாம்ப், கேஸ்கட் ஆகியவையும் வேண்டும். அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால் அதைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் வேண்டும். வெளியில் 32 டிகிரி வெப்பம் இருக்கும்போது, காற்றைச் சாதாரண அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அமுக்கினால் அது 80 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து மெலியும். மெலிந்தால், திணித்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும்.

வேலை இப்படி நடக்கும். பழைய மேனிபோல்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவார்கள். அதில் டர்போவை மாட்டி, சைலன்சர் குழாயை வெட்டி இணைப்பார்கள். எஞ்சினில் ஆயில் அழுத்தம் இருக்கும் ஓரிடத்திலிருந்து டர்போவுக்கு ஆயில் இழுப்பார்கள். பிறகு ஆயில் தொட்டியில் துளை போட்டு அல்லது வேறு வழி செய்து, அந்த ஆயில் திரும்பி விழ ஏற்பாடு செய்வார்கள். திரும்பும் குழாய் எங்கும் மேடேறாமல் சரிவாக இறங்க வேண்டும். அது சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, நீலப்புகையாக வெளியேறும்.

அடுத்தது டீசல் பம்ப். பலர் மறைக்கிற இடம் இது. காற்றை மட்டும் கூட்டினால் பலம் பெரிதாகக் கூடிவிடாது; அதற்கேற்ற டீசலும் கூட வேண்டும். கம்பெனி டர்போ வண்டிகளில், காற்றின் அழுத்தம் ஏறும்போது மட்டும் டீசலைக் கூட்டும் ஏற்பாடு பம்பிலேயே இருக்கும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்கிறது. பழைய சாதாரண பம்பில் அது இல்லை. மெக்கானிக் பம்ப் ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுவார். டர்போ இன்னும் வேகம் எடுக்காத நேரத்திலும் அந்தக் கூடுதல் டீசல் உள்ளே போகும். கரும்புகையும் வீண்செலவும் அப்போதுதான் வருகின்றன.

வாசலில் வைத்து இந்த வேலையைச் செய்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லட்சம் சுற்று சுழலும் அச்சு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. குழாய்க்குள் ஒரு துளி மண்ணோ, துளை போட்ட இரும்புத் தூளோ தங்கிவிட்டால் அந்த அச்சு தேய்ந்துவிடும். ஆடி மாதக் காற்றில் நம் பக்கத்தில் கடைக்குள் வைத்திருக்கும் மூட்டையின் மேலேயே புழுதி படிகிறது. திறந்தவெளியில் பிரித்து வைத்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

எஞ்சின் தாங்குமா?

ஊற்றுகிற டீசலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கு ரேடியேட்டர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. பலத்தை முப்பது சதவீதம் கூட்டினால் சூடும் ஏறத்தாழ அதே அளவு கூடும். அதற்கேற்ற ரேடியேட்டர் நம் பழைய வண்டியில் இல்லை.

கம்பெனி ஓர் எஞ்சினை டர்போவுக்காகத் தயாரிக்கும்போது பல மாற்றங்களைச் செய்கிறது. சிலிண்டருக்குள் அமுக்கும் விகிதத்தைக் குறைக்கிறது. பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர வைக்க ஏற்பாடு செய்கிறது. வால்வு, ஹெட் கேஸ்கட், பேரிங் ஆகியவற்றைப் பலப்படுத்துகிறது. ரேடியேட்டரைப் பெரிதாக்குகிறது. கிளட்ச், கியர் பாக்ஸ் வரையில் கணக்குப் பார்க்கிறது. கிட்டில் இவை எதுவும் வருவதில்லை.

அலுமினிய பிஸ்டனுக்குச் சூட்டைத் தாங்குவதில் ஓர் எல்லை உண்டு. வெளியேறும் புகையின் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் ஆபத்துதான். அந்த வெப்பத்தைக் காட்டும் மீட்டர் நம் லோடு வண்டியில் கிடையாது. முதலில் ஹெட் கேஸ்கட் போகும். பிறகு பிஸ்டன் போகும். கிட் விற்றவர் அப்போது, “ஓவர் லோடு அடித்தீர்கள், அதனால்தான் போயிற்று” என்று சொல்லிவிடலாம்.

மைலேஜ் கூடுமா?

டர்போ வண்டிக்கு மைலேஜ் அதிகம் என்ற பேச்சு முழுப்பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. கம்பெனி டர்போ வண்டியில் சிக்கனம் வருவதற்கு முக்கியக் காரணம், டர்போ இருப்பதால் அங்கே சிறிய எஞ்சினே போதுமானதாக இருக்கிறது. சிறிய எஞ்சினுக்கு எடை குறைவு, உராய்வு குறைவு. ஆகவே செலவும் குறைவு. கிட் மாட்டினால் நம் பழைய எஞ்சின் சிறிதாகிவிடாது. அதே எஞ்சின்தான், அதே உராய்வுதான்.

இருந்தாலும் ஒரு பேச்சுக்கு, டீசலில் 10 சதவீதம் மிச்சமாகிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரைக்குப் போய்வர ஏறத்தாழ 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 8 லிட்டர் செலவாகும். அதில் 10 சதவீதம் 0.8 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் ஒரு டிரிப்புக்கு 72 ரூபாய் மிச்சம். மாதம் 20 டிரிப் என்றால் 1,440 ரூபாய். கிட், இன்டர்கூலர், கூலி எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட முதல் திரும்ப 28 மாதம் ஆகும். அதற்குள் ஒரே ஒரு முறை ஹெட் கேஸ்கட் போனாலும் கணக்கு தலைகீழாகிவிடும். வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. டிரைவர் புதிய பலத்தை வேகத்துக்குச் செலவிட்டால் அந்த 10 சதவீதமும் கைக்கு வராது.

நம் பாதைக்கு அவசியமா?

டர்போ தன் முழுப் பெருமையைக் காட்டுவது மலையில்தான். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் காற்றுக் குறைகிறது. 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலுக்கும், 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாறுக்கும் லோடு அடிப்பவர்களுக்கு டர்போ இல்லாத வண்டி திணறுவது நன்றாகத் தெரியும்.

ஆனால் நம் சரக்கில் பெரும்பகுதி போய்வருவது மதுரைக்கும் விருதுநகருக்கும் ராஜபாளையத்துக்கும்தான். இது சமவெளி. இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏற்றமும் வளைவும் உண்டு. ஆனால் காற்று மெலியும் அளவுக்கு உயரம் இல்லை. அங்கே தேவைப்படுவது அளவான லோடும், முன்கூட்டியே கியர் இறக்கும் டிரைவரும், நல்ல பிரேக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இவ்வளவு நேரம் பார்த்தது எஞ்சின் கணக்கு. இனிப் பார்ப்பது அதைவிடப் பெரிய கணக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் மாறுபடும்படி வண்டி உரிமையாளர் அதை மாற்றக் கூடாது என்று சொல்கிறது. எரிபொருளை எரிவாயுவுக்கு மாற்றுவது போன்ற வேலைகளுக்கு, அங்கீகாரம் பெற்ற கிட்டைக் கொண்டு, விதிப்படி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ள வழி உண்டு. கடையில் வாங்கிய டர்போவை வாசலில் வைத்து மாட்டுவது அந்த வழியில் சேராது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்பதைத் தெளிவாக்கியது.

அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தில் 182-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாமல் உதிரிப்பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொல்கிறது. பொறுப்பு மெக்கானிக்குக்கு அல்ல, டிரைவருக்கும் அல்ல, ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு.

அபராதத்தைவிட அஞ்ச வேண்டியது இன்சூரன்ஸ். வண்டி கம்பெனியிலிருந்து வந்த நிலையில் இருக்கிறது என்று நம்பித்தான் இன்சூரன்ஸ் கொடுக்கிறார்கள். எஞ்சினில் மாற்றம் செய்து அதைத் தெரிவிக்காமல் இருந்தால், நாளைக்குத் தீ விபத்தோ சாலை விபத்தோ நேரும்போது, அந்த மாற்றத்தைக் காட்டியே நஷ்ட ஈட்டை மறுக்கவும் குறைக்கவும் நாமே வழி செய்து கொடுத்தவர்களாகிறோம். ஒரு லோடு சரக்கும், ஒரு வண்டியும், எதிரே வந்தவரின் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. தலைமுறையாகச் சேர்த்த கடையையே காவு வாங்கக்கூடியது. வண்டிக்கு எட்டு வருஷம் ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி.க்குக் காட்ட வேண்டியிருப்பதால், மாற்றத்தை நெடுநாள் மறைத்துவைக்கவும் முடியாது.

இன்னொரு முக்கியச் செய்தி. டர்போ போட்டால் கூடுதல் லோடு ஏற்றலாம் என்ற எண்ணமே பலரை இதில் இறக்குகிறது. வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் மட்டும் அல்ல. சேஸிஸ், அச்சு, ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக் எல்லாம் சேர்ந்துதான் அந்த எடை ஆர்.சி.யில் எழுதப்பட்டிருக்கிறது. டர்போ போட்டதால் அந்த எண் மாறாது. 750 கிலோ ஏற்றுகிற வண்டிக்கு 50 கிலோ சர்க்கரை மூட்டை 15 தான் கணக்கு. 25 ஏற்றினால் அது குற்றம். 2019 திருத்தத்தின்படி ஓவர் லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். வேகமாக ஓடும் சக்தியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, நிறுத்தும் சக்தியை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

பழைய வண்டி திணறினால் முதலில் பார்க்க வேண்டியவை

வண்டிக்குப் பலம் இல்லை என்று தோன்றினால், அது பிறவியிலேயே இல்லாத பலமா, இடையில் இழந்த பலமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இழந்த பலமாகத்தான் இருக்கும். அதை மீட்கச் சில நூறு, சில ஆயிரம் ரூபாயே போதும்.

1. ஏர் பில்டர்: புழுதியில் ஓடும் வண்டிக்கு இது அடைத்துக்கொள்வதே முதல் நோய். ஆடிக் காற்றுக் காலத்தில் வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

2. டீசல் பில்டரும் இன்ஜெக்டரும்: இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் பலமும் போகும், புகையும் வரும். பட்டறையில் டெஸ்ட் செய்து பார்க்கலாம்.

3. டாப்பட் இடைவெளி, கம்ப்ரஷன்: கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினுக்கு டர்போ வைப்பது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

4. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா: ஒரு டிரிப் முடிந்து வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரியும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே டீசல் வீணாகிறது.

5. டயர் காற்று: வாரம் ஒரு முறை, வண்டி ஓடும் முன்பு பார்க்க வேண்டும்.

6. கிளட்ச் நழுவல், சைலன்சர் அடைப்பு: எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி ஏறாவிட்டால் கிளட்சைப் பார்க்க வேண்டும்.

7. லோடு: மாதம் ஒரு முறையாவது எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். டிரைவர் சொல்லும் எடையும் மேடை சொல்லும் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்த ஏழும் சரியாக இருந்தும், தொழில் வளர்ந்துவிட்டதால் வண்டி போதவில்லை என்றால், அது மகிழ்ச்சியான பிரச்சினை. அதற்கு வழி கிட் அல்ல, பெரிய வண்டி. கிட்டுக்குப் போடும் பணத்தையும் பழைய வண்டியின் விலையையும் முன்பணமாக வைத்து, கம்பெனியிலேயே டர்போ பொருத்திய வண்டியை வாங்கலாம். செகண்ட் ஹேண்டாக வாங்கினாலும், கம்பெனி டர்போவாக இருக்கிறதா, ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முந்தைய உரிமையாளர் வெளியில் கிட் மாட்டியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது.

கம்பெனி டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு

இன்று புதிதாக வரும் டீசல் பிக்கப் வண்டிகளில் டர்போ சாதாரணமாகிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 மாசு விதி நடைமுறைக்கு வந்திருப்பதால் இவற்றில் சென்சார், கம்ப்யூட்டர், புகையைச் சுத்திகரிக்கும் பாகங்கள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் எதையும் நாமாக மாற்றுவது கூடவே கூடாது. டர்போவைக் காப்பாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தி உறுமவிடக் கூடாது. ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர அரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். லோடோடு ஓடி வந்து நிறுத்தும்போது உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். மலை ஏறி வந்தால் இரண்டு நிமிடம். எஞ்சின் நின்றால் ஆயிலும் நிற்கும். சூட்டோடு நிற்கும் டர்போவுக்குள் அந்த ஆயில் கருகி அடையாகப் படியும். இந்த ஒரு நிமிடத்துக்குச் செலவாகும் டீசல் சொற்பம். டர்போ மாற்றும் செலவோ பெரிது.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கம்பெனி சொன்ன ரகத்தை, சொன்ன கிலோமீட்டரில், பில்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும். சில்லறை ஆயில் வேண்டாம்.

டர்போ வீணாகும் முன்பு குறி காட்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. திடீரென்று பலம் குறைந்து கரும்புகை வந்தால், காற்றுக் குழாய் எங்காவது கிழிந்திருக்கும் அல்லது கிளாம்ப் கழன்றிருக்கும். டர்போவே போய்விட்டது என்று பயந்து செலவு செய்யும் முன்பு குழாயைப் பாருங்கள். புதிதாக விசில் சத்தமோ சைரன் போன்ற சத்தமோ கேட்டால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் காட்டுங்கள். உடைந்த சக்கரத்தின் துண்டு எஞ்சினுக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

முடிவாக

புதுச் சரக்கு ஒன்று மார்க்கெட்டுக்கு வந்தால், “இது நம் கடையில் ஓடுமா, நம் வாடிக்கையாளர் வாங்குவாரா, முடங்கினால் யார் பொறுப்பு?” என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் நாம் கொள்முதல் செய்கிறோம். டர்போ கிட்டுக்கும் அதே கேள்விகள்தான். நம் சமவெளிப் பாதைக்கு அது பெரிதாக உதவாது. நம் பழைய எஞ்சின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு முழுவதும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள நமக்குத்தான்.

வண்டியைப் பராமரிக்கச் செலவிடுவது முதலீடு. வண்டியின் பிறவிக் குணத்தை மாற்றச் செலவிடுவது சூதாட்டம். வணிகர்கள் முதலீட்டாளர்களாகவே இருப்போம்.